தோள் இறங்காத பொம்மை

வாரப் பத்திரிகைகளில் களைத்துப்போன மனிதர்களின் படம் வந்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். ரிக்‌ஷாவில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்குகிறவன், ரயில் நிலைய பெஞ்சில் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே கண் சொருகிப்போன தாய், மூட்டைமேல் முகம் கவிழ்ந்து கிடக்கிற சுமைக்காரர். படத்துக்குக் கீழே உருக்கமாக இரண்டு வரி எழுதியிருப்பார்கள். எடுத்தவரைக் கூப்பிட்டு, “ஐயா, படம் எடுத்தது இருக்கட்டும், அந்த ஆளை எழுப்பி என்ன ஏதென்று விசாரித்தீரா?” என்று கேட்கத் தோன்றும். கேட்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. அதனால்தான் எரிச்சல் இவ்வளவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் அப்படி ஒரு படம் எடுத்தவன்தான். கேமராவால் அல்ல, களிமண்ணால். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற ஒரு பட்டறையில், அறுபதுகளின் நடுவிலிருந்து, அச்சு எடுப்பதற்கான மாடல் செய்கிறவனாக இருந்தேன். என் மனைவியின் களைப்பைப் பார்த்துப் பார்த்து ஒரு பொம்மை செய்தேன். நான் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். இருபத்தாறு வயதில் அவள் செத்துப்போனாள். அவளைக் காப்பாற்ற எனக்கு நாலைந்து மாதம் வாய்ப்பு இருந்தது. அந்த நாலைந்து மாதமும் நான் அவள் எதிரில் உட்கார்ந்து அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது ஒரு பைத்தியம் இருந்தது. பழைய வாரப் பத்திரிகை, தினசரி எது கிடைத்தாலும் களைத்த ஆட்களின் படத்தை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டிவைப்பேன். டீக்கடைக்காரர், முடிதிருத்தும் கடைக்காரர் எல்லோரும் எனக்காகவே பத்திரிகைகளை எடுத்துவைப்பார்கள். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து ஒரு விஷயம் கண்டுபிடித்ததாக மண்டைக்கனம் எனக்கு. களைப்பு என்றால் முக்கால்வாசிப் பேர் முகத்தைத்தான் எடுக்கிறார்கள். முகம் பொய் சொல்லும். கூப்பிட்டால் சிரிக்கும். களைப்பு இருப்பது பிடரியிலும் மணிக்கட்டிலும். முழங்கால்மேல் போட்ட கை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கை மாதிரி கிடக்க வேண்டும். அது வந்துவிட்டால் முகமே தேவையில்லை.

எங்கள் ஊர் போட்டோ ஸ்டுடியோவில் களைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பவுடர் அப்பி, தலையை நிமிர்த்தி, கண்ணை முழிக்கச் சொல்லித்தான் எடுப்பார்கள். எங்கள் கல்யாணப் படத்தில் அவளும் அப்படித்தான் முழித்துக்கொண்டிருக்கிறாள். மூன்று நாள் தூக்கமில்லாதவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அவள் என் மாமன் மகள். கருவேப்பிலங்குறிச்சிப் பெண். அவர்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் சட்டிபானையும் ஓடும்தான் தொழில். எனக்குப் பட்டறையில் வேலை கிடைத்த பிறகு அவளையும் அங்கேயே சேர்த்துவிட்டேன். பொம்மை அச்சிலிருந்து வந்ததும் இரண்டு பக்கமும் அச்சு சேர்ந்த இடத்தில் ஒரு கோடு துருத்திக்கொண்டு நிற்கும். அதைச் சின்னக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்க வேண்டும். அந்த வேலை. நாள் முழுக்கக் குந்தியிருந்து, பலகை பலகையாகச் சூளைப் பக்கம் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டும் வர வேண்டும். வாய் மட்டும் ஓயாது. அவள் இருந்தால் அந்தக் கொட்டகையில், செட் என்போம், சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். என்னையும் விட்டுவைக்க மாட்டாள். “எங்க மாமா மண்ணப் பாத்தாதான் சிரிப்பாரு, மனுசங்களப் பாத்தா மூஞ்சி உர்ருனு ஆயிடும்” என்று பத்துப் பேர் முன்னால் சொல்வாள்.

ஒரு வருஷம் மெட்ராஸ் பொருட்காட்சிக்குப் புதிதாக ஏதாவது செய்து அனுப்ப வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். மயில், மான், தண்ணீர்க்குடம் தூக்கும் பெண், எல்லாம் செய்து சலித்துவிட்டது. என்ன செய்யலாம் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், அவள் சுவரோரம் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். காலைக் குத்துக்கால் போட்டு, இரண்டு முன்கையையும் முழங்கால்மேல் ஊன்றி, தலை முன்னால் தொங்க, வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் அரிசி களைந்த சட்டி அப்படியே இருந்தது. என்னுடைய நோட்டில் ஒட்டிய அத்தனை படத்தையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு உட்கார்வு. நான் அவளை எழுப்பவில்லை. பாய் விரித்துப் படுக்கச் சொல்லவும் இல்லை. ஒரு காகிதமும் பென்சிலும் தேடி எடுத்து எதிரில் உட்கார்ந்தேன். எனக்கு அப்போது வந்தது சந்தோஷம். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷம்தான் வந்தது.

மறுநாள் மேனேஜரிடம் படத்தைக் காட்டினேன். “தூங்குமூஞ்சி பொம்மைய எவன்யா வாங்குவான்?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, செய்யி. உருப்படியா வந்தா பாப்பம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்துக் களிமண்ணை எடுத்தேன். வரவில்லை. காலையில் குளித்து, பூ வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவளிடம் களைப்பு எங்கிருந்து வரும்? பிடரி நேராக நின்றது. கை மறந்துவைத்த கையாக இல்லை, விருந்தாளி கை மாதிரி இருந்தது. “என்னா மாமா, செத்த பொணம் மாதிரி ஒக்காரணுமா?” என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் எரிந்து விழுந்தேன். அப்புறம் யோசித்து ஒரு வழி செய்தேன். தினமும் வேலை விட்டதும் நேராக வந்து முதலில் என் எதிரில் உட்கார வேண்டும், சமையல் எல்லாம் பிறகு. உடம்பு ஆறுவதற்கு முன்னால் எனக்கு வேண்டும். சூடு ஆறினால் இட்லி நன்றாக இருக்காது என்பதுபோலத்தான் பேசினேன்.

அவளும் வந்தாள். கொஞ்ச நேரத்தில் தானாகத் தலை தொங்கிவிடும். நான் பாட்டுக்கு வேலை செய்வேன். சுவரில் சாயப் பார்த்தால், “இரு இரு, அசையாத” என்பேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் செட்டில் வேலை குறைவு. அவள் கொஞ்சம் தெம்பாகவே வந்தாள். பிடரி விழவில்லை. நான், “போயி ரெண்டு கொடம் தண்ணி கொண்டாந்துட்டு வந்து ஒக்காரேன்” என்றேன். வீட்டில் தண்ணீர் இருந்தது. அவளுக்கும் அது தெரியும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே, “நான் தூங்கி விழறதுக்கு எம்மாம் பாடு படறாரு பாரு இந்த மனுசன்” என்று சிரித்துவிட்டுப் போனாள். இரண்டாவது குடத்தை இறக்கிவைத்துவிட்டு வாசற்படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் மணிக்கட்டு சரியாக வந்தது.

மாடல் பாதி முடிந்தபோது பட்டறைக்குக் கொண்டுபோனேன். என்னோடு மாடல் செய்கிற இன்னொருவர் இருந்தார். கம்மாபுரத்துப் பக்கம். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் எங்களுக்குள் எப்போதும் ஒரு உரசல் இருந்துகொண்டே இருக்கும். அவர் பொம்மையைச் சுற்றிச் சுற்றி வந்தார். “தலை தூங்குது, கை தூங்குது. தோளு தூங்கலியே?” என்றார். தூங்குகிறவனுக்குத் தோள் இறங்கிவிடும். இதற்குத் தோள் காதை நோக்கி ஏறி நிற்கிறது, கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்திருக்கிறது, ஓடி வந்து மூச்சு வாங்குகிறவளுக்கு இருக்கிற தோள் இது, தூங்குகிறவளுக்கு இல்லை, திருத்து என்றார்.

எனக்கு வந்ததே கோபம். என் கண்ணையா சந்தேகப்படுகிறாய்? அன்று மாலை அளவு எடுக்கிற கவராயத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் தூங்கினதும் காதுமடலிலிருந்து தோள் வரைக்கும் அளந்தேன். மண் சூளையில் சுருங்கும் என்பதால் நாங்கள் எதையும் கணக்குப் போட்டுக் கொஞ்சம் பெரிதாகத்தான் செய்வோம். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நான் செய்தது இம்மிகூடத் தப்பில்லை. அவள் தோள் ஏறித்தான் இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் இன்னும் கொஞ்சம் ஏறி இறங்கியது. மறுநாள் போய், “அண்ணே, நீங்க ஒங்க மனசுல இருக்குற பொம்பளைய செய்யிங்க. நான் எதிர்ல இருக்குறவள செய்யிறேன்” என்றேன். செட்டே கேட்கும்படி சொன்னேன். அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். தூங்குகிறவளுக்கு ஏன் தோள் ஏறி நிற்கிறது என்று அந்த மனிதர் கேட்ட கேள்வியை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நானும் கேட்டிருக்கலாம்.

ஒரே ஒரு இடத்தில்தான் உள்ளதை உள்ளபடி செய்யவில்லை. பாதம். அவளுக்கு அந்த மாதங்களில் சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிக்கொள்ளும். கொலுசு பிடிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டாள். கழற்றின இடத்தில் வளையமாக ஒரு பள்ளம் வெகுநேரம் இருக்கும். நாள் முழுக்கக் குந்தியிருந்தால் அப்படித்தான் என்று நினைத்தோம். அச்சு வேலையில் ஒரு சங்கடம் உண்டு. பொம்மையில் எங்காவது பிதுங்கி, அதற்குக் கீழே உள்வாங்கினால் அந்த இடம் அச்சில் மாட்டிக்கொள்ளும், கழன்று வராது. அதனால் அப்படிப்பட்ட இடங்களை மாடலிலேயே இழைத்துவிடுவோம். வீங்கின கால் எனக்கு அச்சில் மாட்டுகிற இடமாகத்தான் தெரிந்தது. கம்பிக் கருவியை எடுத்து ஒரே இழுப்பில் இழைத்து, ஒல்லியான, அழகான கணுக்காலாக ஆக்கிவிட்டேன்.

பொம்மை மெட்ராஸுக்குப் போய்ப் பேர் வாங்கியது. ஏகப்பட்ட பேர் கேட்டார்கள். பட்டறையில் அச்சு மேல் அச்சு போட்டார்கள். அவள் செட்டுக்கே பலகை பலகையாக அவளே வந்து இறங்கினாள். தன் தோளில் இருக்கிற அச்சுக்கோட்டைத் தானே சுரண்டினாள். “ஏண்டி, ஒன் தலைய நீயே சீவிக்கிறியா?” என்று கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள். “எங்க மாமா புண்ணியத்துல நான் இங்க அம்பது பேரு தூங்குறேன், ஒருத்திதான் முழிச்சிக்கிட்டு வேல செய்யிறேன்” என்பாள். எனக்குப் பெருமை தாங்காது. பொம்மை வந்த பிறகு ஒரு வருஷம் அப்படியே ஓடியது. பலகையைத் தூக்கிக்கொண்டு சூளைக்குப் போகும் வழியில் அவள் இரண்டு இடத்தில் நிற்க ஆரம்பித்தாள். “வர வர சோம்பேறி ஆயிட்ட” என்று நான் சொன்னதும் உண்டு. வீட்டில் படுக்கப் பிடிக்காமல் சுவரில் சாய்ந்தே இரவைக் கழித்தாள். புழுக்கம் என்றாள். நானும் புழுக்கம்தான் என்றேன்.

பட்டறை வாசலிலேயே ஒரு விற்பனை அறை இருந்தது. ஒரு நாள் காலை அங்கே ஊறுகாய் ஜாடி வாங்க ஒரு டாக்டர் வந்தார். திருச்சிக்காரர். இங்கே சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவராம். நான் ஏதோ வேலையாக அங்கே நின்றுகொண்டிருந்தேன். ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பொம்மையைக் கையில் எடுத்தார். திருப்பினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எனக்குக் காது ஜிவ்வென்றது. பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“இது கற்பனையா, இல்ல யாரயாவது பாத்து செஞ்சதா?” என்று கேட்டார்.

“பாத்துதான் சார். நான்தான் செஞ்சேன். எங்க வூட்ல சார்.”

“இந்தத் தோளு இப்படியேதான் இருந்துதா?”

“அளந்து செஞ்சது சார்.”

அவர் பொம்மையை மெதுவாகக் கீழே வைத்தார். “இந்தம்மா களைச்சித் தூங்கலப்பா. படுத்தா மூச்சு முட்டுது, அதனால ஒக்காந்திருக்காங்க. கைய முட்டியில ஊனிக்கிட்டு, தோளத் தூக்கித் தூக்கி மூச்ச இழுக்குறாங்க. இப்ப எங்க இருக்காங்க?”

“உள்ள செட்டுல சார்.”

“கூட்டிட்டு வாங்க.”

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். கல்யாண வீட்டுக்கு வந்தவரிடம் நெஞ்சில் வைத்துக் கேட்கிற குழாய் இல்லை. அவளிடம் அனுமதி கேட்டு முதுகில் காதை வைத்துக் கேட்டார். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்றார். எட்டு வயதில் வந்து இரண்டு மாதம் நடக்க முடியாமல் கிடந்தேன் என்றாள். எனக்கு அதுவும் தெரியாது. பிறகு குனிந்து அவள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். அழுத்தின இடம் குழியாகவே நின்றது. பச்சைக் களிமண்ணில் விரல் வைத்த மாதிரி. பத்து வயதிலிருந்து மண்ணில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறவன் நான்.

“கால் வீக்கம் எத்தன நாளா இருக்குது? பொம்மையில இல்லியே?” என்றார்.

“நான்தான் சார் இழைச்சிட்டேன்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, இருதயத்தில் ஒரு கதவு சுருங்கிப்போயிருக்கும் என்று நினைக்கிறேன், மெட்ராஸில் காட்டினால் உறுதியாகச் சொல்வார்கள், ஆபரேஷன் உண்டு, ஆனால் சீக்கிரம் வந்தால்தான் செய்வார்கள் என்றார். “ஒக்காந்து தூங்க ஆரம்பிச்சி எவ்ளோ நாளாச்சி?”

வேறு எந்தப் புருஷனும் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பான். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முதல் படம் வரைந்த நாளிலிருந்து எல்லாம் தெரியும். “ஒரு வருசம் நாலு மாசம் சார்” என்றேன்.

“அப்பவே வந்திருக்கலாமே” என்றார். அவ்வளவுதான்.

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்துப் பார்த்தார்கள். நுரையீரல் வரைக்கும் கெட்டுவிட்டது, இனிமேல் கத்தி வைத்தால் தாங்க மாட்டாள் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி மாட்டுவண்டியில் வீட்டுக்கு வந்தோம். தலையணை, பழந்துணி மூட்டை எல்லாவற்றையும் அடுக்கிச் சாய்ந்துகொள்ள வசதி செய்துகொடுத்தேன். அதற்குக்கூட ஒரு வருஷம் நாலு மாதம் ஆகியிருக்கிறது எனக்கு.

மறுநாள் பட்டறைக்குப் போய்ப் பொம்மைக்கான அச்சுகளை எல்லாம் உடைத்துவிட்டு வந்து, அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். மேனேஜர் கத்தினார், வேலையை விட்டே போ என்றார், அண்ணன்தான் குறுக்கே வந்து சமாதானம் செய்தார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. “அது என்னா பண்ணுச்சி பாவம்” என்றாள். எனக்குத் தாங்கவில்லை. அழுகையோடு கோபமும் வந்துவிட்டது. அவள்மேலேயே பாய்ந்தேன். “மூச்சு முட்டுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதா? எதிர்லயேதானடி ஒக்காந்திருந்தேன்? மாசக்கணக்கா எதிர்லயேதான ஒக்காந்திருந்தேன்?”

அவள் இரண்டு மூன்று மூச்சு இழுத்துக்கொண்டாள். பேசுவதற்கு அப்போது அவ்வளவு நேரம் பிடிக்கும். குரலில் குறையே இல்லை. யாருக்கும் தெரிந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

“அதனாலதான் மாமா சொல்லல. தெனம் தெனம் அம்மாநேரம் உத்து உத்துப் பாத்தீங்க. அளவெல்லாம் எடுத்தீங்க. ஒங்களுக்குத் தெரிஞ்சிதான் இருக்குதுன்னு நெனச்சேன். தெரிஞ்சும் நீங்க ஒண்ணும் சொல்லல, அப்போ பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு வுட்டுட்டேன்.”